ஒண்ணுமில்லலே, எந்திரி!

போன இதழில் கால்பந்து பற்றிய ஒரு பதிலின் கடைசியில், ‘பன்னிரண்டு வயதுக்குள் இருக்கும் பிள்ளைகளுக்கு ஹெட்டிங் பழக்காதீர்கள்’ என்று ஒரு வரி எழுதியிருந்தேன். ஹெட்டிங் என்றால் பந்தைத் தலையால் முட்டுவது. இந்த வாரம் வந்த கடிதங்களில் பெரும்பாதி அந்த ஒரு வரிக்குத்தான். திட்டியவர்களும் உண்டு, பயந்தவர்களும் உண்டு. ஆகவே இந்த வாரம் முழுக்கத் தலையைப் பற்றியே.

கேள்வி: மழையில் ஊறிக் கனத்த தோல் பந்தை முட்டி வளர்ந்தவன் நான். எழுபதைத் தாண்டிவிட்டேன். எனக்கு என்ன கெட்டுப்போயிற்று?
– பழைய ஆட்டக்காரர், தென்காசி

பதில்: ஒன்றும் கெடவில்லை என்பதில் மகிழ்ச்சி ஐயா. இன்னும் பல்லாண்டு அப்படியே இருங்கள். உங்களைப் போலவே முட்டிய இன்னொருவரைப் பற்றியும் கேளுங்கள். பெயர் ஜெஃப் ஆஸ்டில். இங்கிலாந்தில் வெஸ்ட் பிராம்விச் ஆல்பியன் அணியின் முன்கள வீரர். தலையால் அடிப்பதில் பெயர் வாங்கியவர். 2002இல் மறதி நோயோடு இறந்தபோது அவருக்கு 59 வயதுதான். மரண விசாரணை அதிகாரி காரணத்தை ‘தொழில்சார் நோய்’ என்று பதிவு செய்தார். பந்தை முட்டியதுதான் அவருடைய தொழில். 2014இல் டாக்டர் வில்லி ஸ்டூவர்ட் அந்த மூளையை மறுபடி ஆராய்ந்து, திரும்பத் திரும்ப அடிபட்ட மூளையில் காணும் சிதைவு அதில் இருப்பதாகச் சொன்னார். குத்துச்சண்டை வீரர்களிடம் கண்ட அதே சிதைவு.

உங்களுக்கு வரவில்லை, ஆஸ்டிலுக்கு வந்தது. ஒற்றை ஆளை வைத்து இரண்டு பக்கமும் வாதாடலாம். ஆயிரக்கணக்கானவர்களை வைத்து எண்ணினால்தான் விடை கிடைக்கும். எண்ணியும் இருக்கிறார்கள். அடுத்த கேள்வியைப் பாருங்கள்.

கேள்வி: கால்பந்து ஆடினால் மறதி நோய் வருமா, வராதா? நேராகச் சொல்லுங்கள்.
– ஆசிரியை, பாவூர்சத்திரம்

பதில்: தொழிலாக, ஆண்டுக்கணக்கில் ஆடியவர்களுக்கு வாய்ப்பு கூடுகிறது. கிளாஸ்கோ பல்கலைக்கழகம் 2019இல் வெளியிட்ட ஆய்வு இது. ஸ்காட்லாந்தின் முன்னாள் தொழில்முறை ஆட்டக்காரர்கள் 7,676 பேர் ஒரு பக்கம். அதே வயதும் வசதியும் உள்ள பொதுமக்கள் சுமார் 23,000 பேர் மறு பக்கம். மூளை நரம்புச் சிதைவு நோய்களால் இறக்கும் வாய்ப்பு ஆட்டக்காரர்களுக்கு மூன்றரை மடங்கு அதிகம்.

மடங்குக் கணக்கு மட்டும் சொன்னால் பயமாக இருக்கும். முழுக் கணக்கையும் கேளுங்கள். அந்த நோயால் இறந்தவர்கள் ஆட்டக்காரர்களில் நூற்றுக்கு 1.7, மற்றவர்களில் நூற்றுக்கு 0.5. அதே ஆய்வில், இதய நோயாலும் நுரையீரல் புற்றுநோயாலும் ஆட்டக்காரர்கள் இறந்தது குறைவு. ஓடியாடிய உடம்புக்கு அந்தப் பலன் கிடைத்திருக்கிறது. ஆகவே பிள்ளையை மைதானத்துக்கு அனுப்புங்கள் டீச்சர். பள்ளி விட்டு வந்து செல்போனோடு உட்காருவதைவிட அது ஆயிரம் மடங்கு மேல். தலையை மட்டும் பார்த்துக்கொள்வோம்.

கேள்வி: நான் கோல் கீப்பர். எனக்கு இந்தக் கவலை இல்லைதானே?
– கல்லூரி மாணவர், கடையநல்லூர்

பதில்: பாதிக் கவலை இல்லை. அதே கிளாஸ்கோ குழு 2021இல் ஆடிய இடத்தை வைத்துப் பிரித்துப் பார்த்தது. கோல் கீப்பர்களுக்கு மறதி நோய் வாய்ப்பு பொதுமக்களுக்கு உள்ள அளவுதான். பின்களத்தில் நின்று உயரப் பந்தையெல்லாம் தலையில் வாங்கியவர்களுக்குச் சுமார் ஐந்து மடங்கு. கையால் பிடிக்கிறவருக்கும் தலையால் வாங்குகிறவருக்கும் இடையே இவ்வளவு வேறுபாடு என்றால், பந்தின் மேல் சந்தேகம் வராமல் எப்படி இருக்கும்?

மீதிப் பாதிக் கவலை உங்களுக்கு உண்டு. 2006 அக்டோபரில் ரெடிங் அணியோடு ஆடியபோது, தரையில் பாய்ந்து பந்தைப் பிடிக்க வந்த செல்சி கோல் கீப்பர் பீட்டர் செக்கின் தலையில் எதிராளியின் முழங்கால் மோதியது. மண்டையோடு உடைந்து அறுவை சிகிச்சை நடந்தது. அதன்பின் ஓய்வு பெறும்வரை அவர் தலைக்கவசம் இல்லாமல் ஆடவே இல்லை. காலடியில் பாயும்போது முகத்தை முன்னால் கொடுக்காதீர்கள். கையும் உடம்பும் முன்னால் போகட்டும்.

கேள்வி: எல்லோருக்கும் அந்தக் கவசத்தை மாட்டிவிட்டால் பிரச்சினை முடிந்தது அல்லவா?
– விளையாட்டுப் பொருள் கடைக்காரர், தென்காசி

பதில்: முடியாது. கவசம் மண்டையோட்டைக் காக்கும், வெட்டுக்காயத்தைத் தடுக்கும். மூளை அதிர்ச்சி மண்டையோட்டுக்கு உள்ளே நடப்பது. தலை சட்டென்று நின்றாலோ திரும்பினாலோ, உள்ளே இருக்கும் மூளை அந்த வேகத்தில் நகர்ந்து முறுக்கிக்கொள்கிறது. வெளியே எத்தனை பஞ்சு வைத்தாலும் அந்த அசைவு முழுதாக நிற்காது. அமெரிக்கக் கால்பந்தில் எவ்வளவு பெரிய ஹெல்மெட் மாட்டுகிறார்கள்! மூளை அதிர்ச்சி அதிகம் பேசப்படுவதும் அந்த ஆட்டத்தில்தான். விற்கிறபோது ‘வெட்டுக்காயத்துக்கு நல்லது’ என்று மட்டும் சொல்லி விற்றால் உங்களுக்குப் புண்ணியம்.

கேள்வி: அந்த அமெரிக்கக் கால்பந்து விவகாரம் என்ன? அலுவலகத்தில் ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள்.
– மென்பொருள் பணியாளர், மத்தளம்பாறை

பதில்: பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் அணியின் மைக் வெப்ஸ்டர் பெரிய நட்சத்திரம். கடைசிக் காலத்தில் நினைவு தடுமாறி, சில நாள் வண்டியிலேயே படுத்துறங்கும் நிலைக்கு வந்து, 2002இல் 50 வயதில் இறந்தார். பிரேதப் பரிசோதனை செய்த பென்னட் ஒமாலு நைஜீரியாவிலிருந்து வந்த மருத்துவர். வெளித்தோற்றத்தில் குறையில்லாத அந்த மூளையை விடாமல் ஆராய்ந்து உள்ளே இருந்த சிதைவைக் கண்டார். 2005இல் கட்டுரையாக வெளியிட்டார். தேசியக் கால்பந்து லீகின் மருத்துவக் குழு, கட்டுரையைத் திரும்பப் பெற வேண்டும் என்று எழுதியது. ஆயிரக்கணக்கான முன்னாள் வீரர்கள் வழக்குப் போட்ட பிறகு, 2013இல் 76.5 கோடி டாலருக்குச் சமரசம் வந்தது. அந்தத் தொகை போதாது என்று நீதிபதி தயங்கியதால் பிறகு உச்சவரம்பை எடுத்தார்கள். 2015இல் நீதிமன்றம் ஒப்புதல் தந்தது.

இதில் எனக்குக் கோபம் வரும் இடம் ஒன்று. அடிபட்டவர்களின் மூளையைப் பற்றி முடிவு சொல்லும் இடத்தில், ஆட்டத்தால் பணம் சம்பாதிக்கிறவர்கள் நியமித்த மருத்துவர்கள் பல ஆண்டுகள் உட்கார்ந்திருந்தார்கள்.

கேள்வி: 1962 ஆசியப் போட்டியில் ஜர்னைல் சிங் தலையில் கட்டோடு ஆடித்தானே நமக்குத் தங்கம் வந்தது? அதையும் தப்பு என்பீர்களா?
– ஓய்வு பெற்ற உடற்கல்வி ஆசிரியர், சங்கரன்கோவில்

பதில்: ஜர்னைல் சிங்கின் பெயரைச் சொன்னாலே எழுந்து நிற்கத் தோன்றுகிறது. ஜகார்த்தாவில் தாய்லாந்தோடு ஆடியபோது தலையில் அடிபட்டுத் தையல் போட்டார்கள். பின்கள வீரரான அவரைப் பயிற்சியாளர் ரஹீம் முன்களத்துக்கு மாற்றினார். அரையிறுதியிலும் கோல், செப்டம்பர் 4 அன்று தென் கொரியாவோடு நடந்த இறுதி ஆட்டத்திலும் கோல். பி.கே. பானர்ஜி ஒன்று, ஜர்னைல் ஒன்று, 2–1. கோல் காத்தவர் பீட்டர் தங்கராஜ். இந்தியக் கால்பந்து அதற்குப் பின் அந்த உயரத்தைத் தொடவில்லை.

ஆனால் ஐயா, அது 1962. மூளை அதிர்ச்சியைப் பற்றி இன்று தெரிந்ததில் கால்வாசிகூட அன்று பயிற்சியாளர்களுக்குத் தெரியாது. உலகக் கோப்பையிலேயே மாற்று ஆட்டக்காரரை இறக்கும் முறை 1970இல்தான் வந்தது. காயம்பட்ட அணியை வைத்துக்கொண்டு ரஹீம் என்ன செய்ய முடியுமோ அதைச் செய்தார். தோலில் வெட்டு வேறு, மூளை அதிர்ச்சி வேறு என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஜர்னைலின் தைரியத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள், நானும் சொல்கிறேன். பதினாறு வயதுப் பையன் மைதானத்தில் கண் சொருகிக் கிடக்கும்போது மட்டும் அந்தக் கதையை எடுக்க வேண்டாம்.

கேள்வி: மூளை அதிர்ச்சி என்று மைதானத்தில் எப்படிக் கண்டுபிடிப்பது? மயங்கி விழுந்தால்தானே?
– கால்பந்துக் குழுத் தலைவர், செங்கோட்டை

பதில்: இங்கேதான் எல்லோரும் சறுக்குகிறார்கள். மூளை அதிர்ச்சி வந்தவர்களில் பெரும்பாலோர் மயங்குவதே இல்லை. எழுந்து நிற்பார்கள், பேசுவார்கள், ஓடவும் ஓடுவார்கள்.

2014 உலகக் கோப்பை இறுதி ஆட்டம். ஜெர்மனியின் கிறிஸ்டோஃப் கிராமர் முகத்தில் அர்ஜென்டினா வீரரின் தோள் இடித்தது பதினேழாவது நிமிடத்தில். எழுந்து ஆடினார். சற்று நேரத்தில் நடுவர் நிக்கோலா ரிட்சோலியிடம் போய், இது இறுதி ஆட்டம்தானா என்று கேட்டிருக்கிறார். நடுவர் முதலில் வேடிக்கை என்று நினைத்து, பிறகு விஷயம் புரிந்து, ஜெர்மனியின் ஷ்வைன்ஸ்டைகரிடம் சொன்னார். முப்பத்தொன்றாவது நிமிடத்தில்தான் கிராமர் வெளியே போனார். கோடிக்கணக்கான கண்கள் பார்த்துக்கொண்டிருக்க, பத்து நிமிடத்துக்கு மேல் ஒருவர் எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் உலகக் கோப்பை இறுதியில் ஓடியிருக்கிறார்.

கவனிக்க வேண்டியவை: விழுந்தவன் எழத் தாமதிப்பது, தலையைப் பிடித்துக்கொள்வது, வெறித்த பார்வை, தள்ளாட்டம், எந்தப் பக்கம் அடிக்க வேண்டும் என்று குழம்புவது, கேட்டதையே திரும்பக் கேட்பது, தலைவலி, குமட்டல், வெளிச்சம் கூசுவது, காரணமில்லாமல் எரிந்து விழுவது அல்லது அழுவது. இதில் ஒன்று இருந்தாலும் வெளியே கூட்டிக்கொண்டு வாருங்கள்.

கேட்க ஐந்து கேள்விகள் இருக்கின்றன. ஆஸ்திரேலியாவில் மேடாக்ஸ் என்பவர் வகுத்து 1995இல் வெளியானவை. இது எந்த மைதானம்? இப்போது முதல் பாதியா, இரண்டாவதா? கடைசியாகக் கோல் போட்டது யார்? போன மேட்ச் யாரோடு? அதில் ஜெயித்தோமா? ‘உன் பேர் என்னலே’ என்று கேட்பதால் பலனில்லை. தன் பெயர் எவனுக்கும் மறக்காது. ஐந்தில் ஒன்று தப்பினாலும் அன்றைக்கு ஆட்டம் முடிந்தது. ஐந்தும் சரியாகச் சொல்லிவிட்டு, தலை வலிக்கிறது என்றால்? அப்போதும் முடிந்தது.

கேள்வி: அடிபட்ட பையனே ‘நான் ஆடுவேன் அண்ணாச்சி’ என்கிறான். நான் எப்படித் தடுக்க?
– பயிற்சியாளர், இலஞ்சி

பதில்: இந்த வாரம் வந்ததில் முக்கியமான கேள்வி இது. உங்கள் ஊரிலிருந்து நடந்தே போகும் தூரத்தில் இதற்கு விடை இருக்கிறது. குற்றாலம் மெயின் அருவியில் தண்ணீர் பாதுகாப்பு வளைவைத் தாண்டி விழுந்தால் போலீஸ்காரர் விசில் ஊதுகிறார். குளிக்கிறவரிடம் ‘உங்களுக்குத் தாங்குமா’ என்று கேட்பதில்லை. நன்றாக நீந்துவேன் என்பவரும் வெளியே வர வேண்டும், ஐந்நூறு கிலோமீட்டர் வண்டி ஓட்டி வந்தவரும் வர வேண்டும். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் பதினேழு வயதுப் பையனைக் கொண்டுபோன நாளை இந்த வட்டாரம் மறக்கவில்லை. விசிலின் மதிப்பு நமக்குத் தெரியும்.

மைதானத்திலும் அப்படி ஒரு கோடு வேண்டும். அடிபட்ட மூளையிடமே ‘நீ சரியாக இருக்கிறாயா’ என்று கேட்பது முறையே அல்ல; பதில் சொல்ல வேண்டிய உறுப்புதான் அடிபட்டிருக்கிறது. பையன் பொய் சொல்லவில்லை, அவனுக்குத் தெரியவில்லை. உங்களிடமும் அந்த முடிவை விடக் கூடாது என்பேன், வருத்தப்படாதீர்கள். ஒரு கோல் பின்தங்கியிருக்கும்போது உங்கள் மனம் ஸ்ட்ரைக்கர் பக்கம்தான் சாயும். பந்தயத்தில் பங்கில்லாத ஒருவர் வேண்டும். மருத்துவரோ செவிலியரோ கிடைத்தால் அவர். கிடைக்காவிட்டால், இரண்டு அணியும் ஒப்புக்கொண்ட ஒரு பெரியவர். அவர் ‘வெளியே’ என்றால் வெளியே. அப்பீல் கிடையாது.

உலகக் கால்பந்தே இதில் மெதுவாகத்தான் நகர்கிறது. மூளை அதிர்ச்சி சந்தேகம் வந்தால் வழக்கமான எண்ணிக்கையில் சேராத கூடுதல் மாற்று ஆட்டக்காரரை இறக்கலாம் என்று 2021இல் சோதனை தொடங்கினார்கள். 2024இல் அதை விதிப்புத்தகத்தில் சேர்த்தார்கள். விரும்பும் போட்டிகள் ஏற்கலாம். ரக்பியில் இன்னும் ஒரு படி மேல். தற்காலிகமாக ஒருவரை இறக்கிவிட்டு, அடிபட்டவரை உள்ளே கூட்டிப்போய்ப் பத்துப் பன்னிரண்டு நிமிடம் நிதானமாகச் சோதிக்கிறார்கள். கால்பந்தில் தற்காலிக மாற்று இல்லை. ஆயிரக்கணக்கானவர் கத்துகிற மைதானத்தில், புல்லில் மண்டியிட்டு, இரண்டு மூன்று நிமிடத்தில் மருத்துவர் முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. இது மாற வேண்டும். ஊர்ப் போட்டிக்கு ஃபிஃபாவின் அனுமதி தேவையில்லை. அடுத்த எழுவர் கால்பந்துப் போட்டி நோட்டீஸில் ‘தலையில் அடிபட்டவருக்குக் கூடுதல் மாற்று உண்டு’ என்று ஒரு வரி அச்சடித்தால் போதும்.

கேள்வி: அப்படி விதி வந்தால் ஏமாற்ற மாட்டார்களா? ஜடேஜாவுக்குப் பதில் சாஹல் வந்து விக்கெட் எடுக்கவில்லையா?
– கிரிக்கெட் ரசிகர், சுரண்டை

பதில்: கான்பெரா, 2020 டிசம்பர் 4. நம் சின்னப்பம்பட்டி நடராஜன் முதல் டி20 சர்வதேச ஆட்டம் ஆடி மூன்று விக்கெட் எடுத்த அதே இரவு. கடைசி ஓவரில் ஸ்டார்க்கின் பந்து ஜடேஜாவின் ஹெல்மெட்டில் பட்டது. பந்து வீச சாஹல் வந்து மூன்று விக்கெட் எடுத்தார். ஆஸ்திரேலியப் பயிற்சியாளர் லேங்கர் மேட்ச் ரெஃப்ரியிடம் வாதாடினார்.

அந்த விதி ஏன் வந்தது என்பதை நினைத்துப் பாருங்கள். 2014 நவம்பர் 25 அன்று சிட்னியில் ஃபில் ஹியூஸின் கழுத்தில் பந்து பட்டது. இரண்டு நாளில் இறந்தார். நம்மவர் ராமன் லம்பா 1998இல் டாக்காவில் ஹெல்மெட் இல்லாமல் பக்கத்தில் ஃபீல்டிங் நின்று, தலையில் பந்து பட்டு இறந்தார். 2019 ஆகஸ்டில்தான் சர்வதேச கிரிக்கெட் மாற்று ஆட்டக்காரரை அனுமதித்தது. சில நாட்களிலேயே லார்ட்ஸில் ஸ்மித்துக்குப் பதில் லபுஷேன் வந்தார். ஏமாற்றுவதைத் தடுக்க வழி சுலபம்: தலையில் அடி என்று வெளியே போனவர் மூன்று வாரம் எந்தப் போட்டியிலும் ஆடக் கூடாது என்று வையுங்கள். ஒரு ஓவருக்காக எந்த அணியும் தன் நல்ல ஆட்டக்காரரை மூன்று வாரம் இழக்காது.

கேள்வி: விழுந்தவனுக்கு முகத்தில் தண்ணீர் அடித்து, சோடா கொடுத்து எழுப்புகிறோம். சரியா?
– ஆட்டோ ஓட்டுநர், மேலகரம்

பதில்: வேண்டாம். நினைவு சரியில்லாதவன் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாயில் போகும். கையைப் பிடித்து இழுத்து நிமிர்த்தாதீர்கள். கழுத்தெலும்பு அடிபட்டிருந்தால் அந்த ஓர் இழுப்பே போதும், கை கால் விழுந்துவிட. அப்படியே கிடக்கட்டும், தலையை அசையாமல் ஒருவர் பிடித்துக்கொள்ளட்டும், மூச்சு சீராக இருக்கிறதா என்று பாருங்கள்.

திரும்பத் திரும்ப வாந்தி, வலிப்பு, கூடிக்கொண்டே போகும் தலைவலி, எழுப்ப முடியாத தூக்கம், ஒரு கண்பாவை பெரிதாகத் தெரிவது, காதிலோ மூக்கிலோ ரத்தம் அல்லது தெளிந்த நீர், ஒரு பக்கம் பலவீனம், கழுத்து வலி – இவற்றில் எது வந்தாலும் 108. தென்காசி அரசு மருத்துவமனையில் பார்த்துவிட்டு, தேவையென்றால் அவர்களே நெல்லை ஐகிரவுண்டு மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். நன்றாக இருக்கிறான் என்று தோன்றினாலும், அவனைத் தன் பைக்கை ஓட்டிக்கொண்டு வீட்டுக்குப் போக விடாதீர்கள். நீங்களே ஆட்டோவில் கொண்டுபோய் விட்டு, வீட்டாரிடம் நடந்ததைச் சொல்லிவிட்டு வாருங்கள். பல வீடுகளில் அம்மாவுக்கு விஷயமே தெரிவதில்லை.

கேள்வி: ஸ்கேனில் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார்கள். மகன் மறுநாளே ஆடலாமா? இரவில் தூங்க விடலாமா?
– ஒரு தாய், ஆலங்குளம்

பதில்: ஸ்கேன் ரத்தக்கசிவையும் எலும்பு முறிவையும் காட்டும். மூளை அதிர்ச்சி சாதாரண ஸ்கேனில் தெரியாதம்மா. ‘நார்மல்’ என்று வந்தால் பெரிய ஆபத்து இல்லை என்ற நிம்மதி மட்டும்தான். ஆடலாம் என்ற சீட்டு இல்லை.

மருத்துவர் பார்த்தபின் தூங்கட்டும், தூக்கம் நல்லது. முதல் நாள் தனியாக விட வேண்டாம். இரண்டு நாள் செல்போனும் டிவியும் குறைவாக. இருட்டறையில் வாரக்கணக்கில் படுக்க வைப்பதை இப்போது மருத்துவர்கள் சொல்வதில்லை. ஓரிரு நாள் ஓய்வுக்குப் பின் மெதுவாக நடக்கலாம். டாக்டரைக் கேட்காமல் வலி மாத்திரை வேண்டாம். முதலில் பள்ளிக்குத் திரும்பட்டும். பாடம் படித்தால் தலை வலிக்கவில்லை என்றான பிறகுதான் மைதானம். அங்கேயும் நடை, ஓட்டம், பந்தோடு தனியாக, மோதல் இல்லாத பயிற்சி, முழுப் பயிற்சி என்று ஒவ்வொரு படிக்கும் ஒரு நாளாவது இடைவெளி விட்டு. பிரிட்டனில் ஊர்மட்ட விளையாட்டுக்கு 2023இல் வந்த வழிகாட்டல், போட்டிக்குத் திரும்பக் குறைந்தது 21 நாள் என்கிறது. அதையே பிடித்துக்கொள்ளுங்கள். முதல் அடி ஆறும் முன்னே இரண்டாவது அடி பட்டால் மூளை வீங்கி உயிரே போன இளம் ஆட்டக்காரர்கள் உண்டு.

கேள்வி: சாரல் காலத்தில் பந்து நனைகிறது. ஆபத்தா?
– எட்டாம் வகுப்பு மாணவன், குற்றாலம்

பதில்: நல்ல கேள்வி தம்பி. விதிப்படி ஐந்தாம் நம்பர் பந்தின் எடை ஆட்டம் தொடங்கும்போது 410 முதல் 450 கிராம். நல்ல பந்து தண்ணீரை அதிகம் குடிக்காது. தையல் பிரிந்த மலிவுப் பந்து குடிக்கும், கனக்கும். நனைந்து கனத்த பந்தை முட்டாதே. உன் வயதுக்கு நாலாம் நம்பர் பந்தே போதும். காற்றையும் கல் மாதிரி ஏற்றாமல் அளவாக ஏற்றச் சொல். விதியே 0.6 முதல் 1.1 வளிமண்டல அழுத்தம் வரை இடம் தருகிறது.

கேள்வி: சின்ன வயதில் ஹெட்டிங் பழக்காவிட்டால், பதினைந்து வயதில் திடீரென்று எப்படி வரும்?
– பயிற்சியாளர், புளியங்குடி

பதில்: நியாயமான கவலை. அமெரிக்காவில் 2015 முதல் பத்து வயதும் அதற்குக் கீழும் உள்ள பிள்ளைகளுக்கு ஹெட்டிங் இல்லை. இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வட அயர்லாந்தில் 2020 முதல் தொடக்கப் பள்ளி வயதினரின் பயிற்சியில் இல்லை. இங்கிலாந்தின் தொழில்முறை ஆட்டக்காரர்களுக்கே 2021இல் வாரப் பயிற்சியில் வேகமான ஹெட்டர் பத்துக்கு மேல் வேண்டாம் என்று அறிவுரை வந்தது. மாதம் சம்பளம் வாங்கி ஆடுகிறவருக்குப் பத்து! நம் மைதானத்தில் பதினோரு வயதுப் பையனை வரிசையில் நிறுத்தி, கார்னரிலிருந்து அடித்து, ஒரே மாலையில் முப்பது நாற்பது முட்ட வைக்கிறோம்.

பலூனிலும் லேசான பிளாஸ்டிக் பந்திலும் நேரம் பார்த்துக் குதிக்கவும், நெற்றியால் சந்திக்கவும் பழக்கலாம். கழுத்துத் தசையை வலுவாக்கலாம். பதினைந்தில் உண்மையான பந்து வரும்போது அவன் கண்ணை மூடாமல் முட்டுவான். அதற்குள் காலால் பாஸ் கொடுக்கவும் நன்றாகக் கற்றிருப்பான். நம் பக்கத்து ஆட்டத்தில் குறைவது அதுதான்.

கேள்வி: பெண்களுக்கு மண்டை மெல்லியது, கால்பந்து வேண்டாம் என்கிறார் மாமா.
– கல்லூரி மாணவி, கடையம்

பதில்: தமிழ்நாட்டுப் பெண்கள் அணி 2018இல் கட்டாக்கில் மணிப்பூரையும், 2023இல் அமிர்தசரஸில் ஹரியாணாவையும் வென்று தேசியப் பட்டம் கொண்டுவந்ததை மாமாவிடம் சொல்லுங்கள். ஒரே ஆட்டத்தில் பெண்களுக்கு மூளை அதிர்ச்சி ஆண்களைவிட அதிகம் வருவதைப் பல ஆய்வுகள் காட்டுவது உண்மை. கழுத்துத் தசையின் வலு ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. அதற்குத் தீர்வு கழுத்துப் பயிற்சியும், பெண்கள் மேட்சுக்கும் மருத்துவ உதவியும். ஆடுங்கள்.

கேள்வி: கால்பந்தையே பேசுகிறீர்கள். எங்கள் ஊர் கபடி ஊர்.
– கபடிக் குழு, சிவகிரி

பதில்: உங்களை விட்டுவிட முடியுமா? கபடி வீரர் மணத்தி கணேசன் பிறந்த தென்மாவட்டப் பகுதி இது. 2022 ஜூலையில் பண்ருட்டி அருகே மானடிக்குப்பத்தில் ரெய்டு போன இளைஞர், துள்ளிக் கீழே விழுந்த நொடியில் பிடிக்க வந்தவரின் முழங்கால் மேலே இறங்கி, களத்திலேயே உயிரை விட்டார். வீடியோவில் பார்த்தவர்கள் பதறினோம். கபடியில் தலை போய் மோதுவது முழங்காலிலும் தோளிலும் இன்னொரு தலையிலும். தொடையைப் பிடிக்கப் பாய்கிறவன் குனிந்த தலையோடு பாய்வதுதான் பெரிய ஆபத்து. நெஞ்சை நிமிர்த்தி, தலையை எதிராளியின் உடம்புக்குப் பக்கவாட்டில் வைத்துப் பிடிக்கப் பழக்குங்கள். மேலே சொன்ன ஐந்து கேள்விகளில் ‘கோல்’ என்ற இடத்தில் ‘பாயின்ட்’ என்று மாற்றிக்கொண்டால் அப்படியே உங்களுக்கும் பொருந்தும்.

கேள்வி: கோல் போட்டதும் பல்டி அடிக்கிறார்களே, அதையும் தடுக்க வேண்டுமா?
– ரசிகர், வாசுதேவநல்லூர்

பதில்: தடுக்க வேண்டும். 2014 அக்டோபரில் மிசோரம் லீக் ஆட்டத்தில் பீட்டர் பியாக்சாங்சுவாலா சமன் செய்யும் கோலைப் போட்டுவிட்டுப் பல்டி அடித்தார். தலைகீழாக விழுந்து தண்டுவடம் அடிபட்டு, சில நாளில் இறந்தார். வயது 23.

கேள்வி: போட்டி நடத்துகிறோம். ஆம்புலன்ஸ் நிறுத்தச் செலவாகுமே?
– விழாக் குழுச் செயலாளர், அச்சன்புதூர்

பதில்: ஃப்ளெக்ஸ் பேனரில் பரிசு வழங்குவோர் பெயர் முப்பது இருக்கிறது. அதில் ஒருவர் பெயருக்கு நேரே ‘ஆம்புலன்ஸ் வழங்குபவர்’ என்று போடுங்கள். சுழற்கோப்பை வழங்குவதைவிட உயர்ந்த இடம் அது.

2004 டிசம்பர் 5, பெங்களூரு, ஃபெடரேஷன் கோப்பை இறுதி. டெம்போ அணியின் பிரேசில் வீரர் கிறிஸ்டியானோ ஜூனியர் தன் இரண்டாவது கோலைப் போடும்போது மோகன் பகான் கோல் கீப்பரோடு மோதி விழுந்தார், எழவில்லை. இதயம் நின்றுபோனது. 2021 ஜூன் 12, கோபன்ஹேகன். டென்மார்க்கின் எரிக்சன் யாரும் மோதாமலே சரிந்தார். அவருக்கும் இதயம்தான் நின்றது. நெஞ்சை அழுத்தி, மின்அதிர்ச்சிக் கருவி வைத்து, அங்கேயே அவரை மீட்டார்கள். பிறகு அவர் உலகக் கோப்பையே ஆடினார். ஆம்புலன்ஸ் கிடைக்காத நாளில் ஒரு கார், சாவியோடு ஓட்டுநர், மைதானத்திலிருந்து சாலைவரை பைக் நிறுத்தாத வழி, முதலுதவி கற்ற இருவர். இவ்வளவுக்கு எந்தக் குழுவாலும் முடியும்.

கேள்வி: போன ஞாயிறு ஹெட்டருக்குப் போய் இன்னொருவன் தலையில் இடித்துக்கொண்டேன். இரண்டு நாள் தலைவலி. இப்போது சரியாகிவிட்டது. வருகிற ஞாயிறு ஃபைனல். நான்தான் ஸ்டாப்பர். ஆடலாமா?
– பத்தாம் வகுப்பு மாணவன், தென்காசி

பதில்: கூடாது தம்பி. வீட்டில் சொன்னாயா? இன்றைக்கே சொல்லி, டாக்டரிடம் போ. மூன்று வாரம் மோதல் ஆட்டம் எதுவும் வேண்டாம். ஃபைனலுக்குப் போ, கோட்டுக்கு வெளியே நில், உன் இடத்தில் ஆடுகிறவனுக்கு எதிரணி ஸ்ட்ரைக்கர் எந்தக் கால்காரன், எந்தப் பக்கம் வெட்டுவான் என்று கத்திச் சொல். கேப்டனிடம் இந்தப் பக்கத்தைக் கிழித்துக் கொடு. அவன் ‘ஒண்ணுமில்லலே, எறங்கு’ என்றால், என்னிடம் பேசச் சொல். அலுவலக எண் முதல் பக்கத்தில் இருக்கிறது.